விண்ணப்பத்தில் ஒரு பக்கம்

கீழ்க்காணும் பகுதியை வாசித்துக் கருத்துணர்க. பின்னர் வரும் நடவடிக்கைகளைச் செய்க.

மாணவர்களே, எஸ்.பி.எம். அல்லது எஸ்.டி.பி.எம். தேர்வு முடிவுகள் வெளிவந்ததும் பல வீடுகளில் ஒரே கேள்வி எழுகிறது. "அடுத்து என்ன படிப்பது?" என்பதே அது. சில வீடுகளில் அதனோடு இன்னொரு கேள்வியும் சேர்ந்தே வருகிறது. "பணத்திற்கு என்ன செய்வது?" இந்த இரண்டாம் கேள்விக்கு உரிய விடைகளுள் ஒன்றுதான் உபகாரச் சம்பளம். அதற்கு விண்ணப்பம் செய்வோர் பலர், கிடைப்பது சிலருக்கே. தேர்வுப் புள்ளிகள் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும் இருவருள் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலையில், விண்ணப்பத்தோடு இணைக்கப்பட்ட ஒரு பக்கக் கட்டுரை பெரிதும் உதவுகிறது. அந்த ஒரு பக்கத்தை எழுதுவது எப்படி என்பதை இப்பாடத்தில் காண்போம்.

அன்றும் இன்றும்

பினாங்குக்கு உபகாரச் சம்பளம் புதியதன்று. நீரிணைக் குடியேற்றங்களில் அரசியார் உபகாரச் சம்பளம் 1885இல் ஏற்படுத்தப்பட்டது. ஜார்ஜ்டவுனில் ஒரு பொற்கொல்லரின் மகனாகப் பிறந்து, பினாங்கு ஃபிரீ பள்ளியில் படித்த வூ லியென் தே 1896இல் அதனைப் பெற்றார். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றார். 1910, 1911ஆம் ஆண்டுகளில் மஞ்சூரியாவில் கொள்ளைநோய் பரவியபோது, துணியும் பஞ்சும் கொண்ட முகக்கவசத்தை அணியச் செய்து அந்நோயைக் கட்டுப்படுத்துவதில் பெரும்பங்கு ஆற்றினார். ஒரு தட்டார் வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்த கல்வி, பின்னாளில் எண்ணற்ற உயிர்களைக் காத்தது.

அக்காலத்தில் அவ்வுபகாரச் சம்பளம் போட்டித் தேர்வின் வழி வழங்கப்பட்டது. இன்று நிலைமை சற்று மாறியுள்ளது. தேர்வு முடிவு கதவைத் தட்டும் தகுதியைத் தருகிறது. கதவைத் திறப்பவர், "நீ யார்? ஏன் இத்துறை? படித்து என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்கிறார். அக்கேள்விகளுக்கு எழுத்தில் கூறும் விடையே விண்ணப்பக் கட்டுரை.

கொடுப்பவர் யார்?

எழுதத் தொடங்குமுன் கொடுப்பவரை அறிந்துகொள்ள வேண்டும். பொதுச் சேவைத் துறை, நாட்டுக்குத் தேவையான ஆற்றலாளர்களை உருவாக்க விரும்புகிறது. பெட்ரோனாஸ் போன்ற நிறுவனங்கள் தங்கள் துறைக்கு ஏற்ற பட்டதாரிகளைத் தேடுகின்றன. பினாங்கு மாநில அரசு 2015இல் தொடங்கிய பினாங்கு எதிர்கால அறவாரியம், படித்தவர்கள் மாநிலத்திலேயே பணியாற்ற வேண்டும் என்ற நோக்கம் கொண்டது. தோட்டத் தொழிலாளர்களின் சிறுசேமிப்பைத் திரட்டித் துன் சம்பந்தன் 1960இல் தோற்றுவித்தது தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம். அச்சங்கத்தின் வேர் தொழிலாளர் குடும்பங்களில் உள்ளது. பினாங்கு இந்து அறப்பணி வாரியமும் மாணவர்களுக்குக் கல்வி உதவி வழங்கி வருகிறது.

1997இல் அமைக்கப்பட்ட தேசிய உயர்கல்வி நிதிக் கழகம் (பி.தி.பி.தி.என்.) வழங்குவது கல்விக் கடன் என்பதை நினைவிற்கொள்க. கடனைத் திருப்பிச் செலுத்த வேண்டும். உபகாரச் சம்பளத்திற்கோ வேறு கடப்பாடுகள் இருக்கலாம். நிபந்தனைகள் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடும். ஆகவே, அவ்வந்த அமைப்பின் அதிகாரப்பூர்வ அகப்பக்கத்தைப் பார்த்து, தகுதி, இறுதி நாள், சொல் எண்ணிக்கை மூன்றையும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

மாக் மண்டின் மாணவி

இனி, ஒரு மாணவியின் கட்டுரை எவ்வாறு உருவாகிறது என்று பார்ப்போம். அவள் கற்பனைப் பாத்திரம்தான். ஆயினும், அவளைப் போன்றோர் நம் வகுப்புகளில் உண்டு.

ஜார்ஜ்டவுனிலிருந்து பெர்ரி ஏறிக் கடலைக் கடந்தால் பட்டர்வொர்த். அதை ஒட்டிய பகுதி மாக் மண்டின். தொழிற்பேட்டையும் குடியிருப்புகளும் தமிழ்ப்பள்ளியும் உள்ள இடம். மாணவியின் அப்பா அங்குள்ள ஓர் உலோகத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். அம்மா காலை வேளையில் சாலையோரத்தில் வடை விற்கிறார். மாணவி படிவம் ஆறு பயில்கிறாள். பல்கலைக்கழகத்தில் கணக்கியல் படிப்பது அவள் விருப்பம். அவளுக்குப் பின் இரண்டு தம்பிகள் இருக்கிறார்கள். உபகாரச் சம்பளம் கிடைக்காவிட்டால் படிப்பை ஓராண்டு தள்ளிவைத்து வேலைக்குப் போக வேண்டியிருக்கும் என்பது வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத செய்தி.

அவள் எழுதிய முதல் வரைவு இவ்வாறு தொடங்கியது:

"நான் சிறு வயதிலிருந்தே கடின உழைப்பும் விடாமுயற்சியும் தலைமைத்துவப் பண்பும் கொண்டவள். கல்வியே வாழ்க்கையின் ஒளிவிளக்கு என்பதை நன்கு உணர்ந்தவள். கணக்கியல் துறையில் எனக்கு மிகுந்த ஆர்வம் உண்டு. எனக்கு இவ்வாய்ப்பு வழங்கப்பட்டால் நாட்டிற்கும் வீட்டிற்கும் பெருமை சேர்ப்பேன்."

தமிழாசிரியை அதைப் படித்தார். பிழை ஏதும் சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இதிலே உன் பெயரை எடுத்துட்டு, உன் பக்கத்தில உட்கார்ற பிள்ளையோட பெயரைப் போட்டா பொருந்துமாம்மா?"

மாணவி சிறிது யோசித்தாள். "பொருந்தும், டீச்சர்."

"அப்படின்னா இது உன்னைப் பற்றிய கட்டுரை இல்லையே!"

இதனைப் பெயர் மாற்றுச் சோதனை என்று அழைக்கலாம். எவர் பெயரைப் போட்டாலும் பொருந்தும் வாக்கியம், எவரையும் அடையாளம் காட்டாது. கடின உழைப்பு, விடாமுயற்சி, ஆர்வம் என்பன நல்ல சொற்களே. ஆனால், அவை பிறர் நம்மைப் பற்றிச் சொல்ல வேண்டிய முடிவுகள். முடிவைச் சொல்லும் வேலையை வாசிப்பவரிடம் விட்டுவிட்டு, அம்முடிவுக்கு வரத் தேவையான சான்றை நாம் தர வேண்டும்.

துன்பத்தைச் சொல்லலாமா?

மாணவி இரண்டாம் வரைவை எழுதினாள். இம்முறை வீட்டு நிலைமையை எழுதினாள். அப்பாவின் குறைந்த வருமானம், அம்மாவின் முழங்கால் வலி, மழையில் ஒழுகும் கூரை என்று ஒரு பக்கமும் துன்பமே நிறைந்திருந்தது. எல்லாம் உண்மைதான். ஆனால், வடை வியாபாரத்தைப் பற்றி மட்டும் ஒரு சொல்லும் இல்லை. "அம்மா சிறு வணிகம் செய்கிறார்" என்று எழுதியிருந்தாள்.

"என்ன வணிகம்மா?" என்று ஆசிரியை கேட்டார்.

மாணவி தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "வடை விக்கிறாங்க, டீச்சர். அதைப் போய் எழுதினா என்ன நினைப்பாங்க?"

வறுமையைச் சொல்வதில் தவறில்லை. குடும்ப வருமானத்தைக் கேட்கும் விண்ணப்பத்தில் அதை மறைப்பதே தவறு. ஆனால், வறுமை ஒரு சூழ்நிலை, அது தகுதியாகாது. கூரை ஒழுகுகிறது என்பதை அறிந்த வாசகர் இரக்கப்படுவார். ஒழுகும் கூரையின் கீழ் அவள் என்ன செய்தாள் என்பதை அறிந்தால்தான் நம்பிக்கை கொள்வார். உபகாரச் சம்பளம் நம்பிக்கையின் பேரில் வழங்கப்படுகிறது.

இரண்டாம் வரைவில் மாணவி துன்பத்தை எல்லாம் சொன்னாள். தான் செய்த ஒன்றை மட்டும் வெட்கத்தால் மறைத்துவிட்டாள். ஆசிரியை அவளிடம் நான்கு கேள்விகளை எழுதிக் கொடுத்தார்.

1. யாரும் சொல்லாமல் நீயாகத் தொடங்கிய வேலை எது?
2. அதில் எதை எண்ணினாய், அளந்தாய் அல்லது மாற்றினாய்?
3. எங்கே தவறினாய்? பிறகு என்ன செய்தாய்?
4. அதற்கும் நீ படிக்க விரும்பும் துறைக்கும் என்ன தொடர்பு?

மூன்றாம் வரைவு

அன்றிரவு மாணவி ஒரு பழைய பயிற்சிப் புத்தகத்தைத் தேடி எடுத்தாள். அதைப் பார்த்து எழுதிய மூன்றாம் வரைவு இது:

"என் அம்மா மாக் மண்டின் தொழிற்பேட்டைக்குச் செல்லும் சாலையோரத்தில் காலையில் வடை விற்கிறார். நாளொன்றுக்கு 120 வடை சுடுவார். எஸ்.பி.எம். தேர்வுக்குப் பிந்திய விடுமுறையில், காலை 10 மணிக்குக் கடையை எடுத்துவைப்பது என் வேலையாக இருந்தது. நாள்தோறும் சராசரியாக 25 வடைகள் மிஞ்சின. அவை குப்பைக்குப் போயின.

நான் ஒரு பயிற்சிப் புத்தகத்தில் கட்டம் போட்டு, தேதி, கிழமை, மழை உண்டா இல்லையா, சுட்டது எவ்வளவு, மிஞ்சியது எவ்வளவு என்று எழுதத் தொடங்கினேன். இரண்டு மாதங்களில் ஓர் ஒழுங்கு தெரிந்தது. மழைக் காலையிலும் சம்பளத்திற்கு முந்திய வாரத்திலும் விற்பனை குறைந்தது. அதற்கேற்ப உளுந்தைக் குறைத்து ஊறவைக்கும்படி அம்மாவிடம் சொன்னேன். அடுத்த இரண்டு மாதங்களில் மிச்சம் நாளொன்றுக்கு 7 வடைகளாகக் குறைந்தது. ஒரு வடைக்கு அடக்கம் 30 சென். மாதத்தில் 26 நாள் வியாபாரம். மாதத்திற்கு ஏறக்குறைய 140 ரிங்கிட் மீதமானது.

கணக்கு என்பது நடந்ததை எழுதிவைப்பது மட்டுமன்று, நாளைக்கு எவ்வளவு உளுந்து ஊறவைப்பது என்று முடிவெடுக்க உதவுவது என்பதை அப்போது உணர்ந்தேன். கணக்கியல் படிக்க விரும்புவதற்கு அதுவே காரணம்."

இதில் 'கடின உழைப்பு' என்ற சொல் இல்லை. 'ஆர்வம்' என்ற சொல்லும் இல்லை. ஆயினும், வாசிப்பவர் அவ்விரண்டையும் காண்கிறார். 25, 7, 30, 26 என்னும் எண்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. நாளொன்றுக்கு 18 வடைகள் குறைந்தால், 26 நாளில் 468 வடைகள். ஒன்றுக்கு 30 சென் என்றால் 140 ரிங்கிட் 40 சென். கணக்கியல் படிக்க விரும்புபவரின் கட்டுரையில் கணக்கு சரியாக இருப்பது முதல் சான்று.

அம்மா செய்த திருத்தம்

மாணவி தன் வரைவைத் தமிழில் எழுதியிருந்தாள். அதனால் அம்மாவால் அதைப் படிக்க முடிந்தது. அடுப்படியில் நின்றபடியே அம்மா இருமுறை படித்தார்.

"மிஞ்சினதை எல்லாம் நாம எங்கம்மா குப்பையில கொட்டினோம்? பாதியைப் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கும் காவலாளிக்கும் கொடுத்தோமே" என்றார். சிறிது நேரம் கழித்து, "எட்டு மணிக்கே வடை தீர்ந்துபோச்சே, அதை ஏன் எழுதல?" என்றும் கேட்டார்.

மாணவிக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. சம்பளத்திற்கு முந்திய வாரம் என்று சொல்லி அவள் உளுந்தைக் குறைக்கச் செய்திருந்தாள். ஆனால், அன்று தொழிற்சாலையில் மிகைநேர வேலை. வழக்கத்தைவிட அதிகமானோர் வந்தார்கள். அம்மா பலரை வெறுங்கையோடு அனுப்ப வேண்டியதாயிற்று. வேலை முடிந்து வந்த அப்பா, "மிகைநேர அட்டவணை முதல்நாளே ஒட்டிடுவாங்களே, என்னைக் கேட்டிருக்கலாமேம்மா" என்றார். அதன்பிறகுதான் அவள் புத்தகத்தில் ஆறாவதாக ஒரு கட்டம் சேர்ந்தது.

மூன்றாம் வரைவில் அவள் தன் தவற்றை விட்டுவிட்டாள். அதோடு அப்பாவும் விடுபட்டுப் போனார். எல்லாவற்றையும் தானே கண்டுபிடித்ததைப் போல எழுதியிருந்தாள். வேண்டுமென்று செய்ததன்று. தன்னைப் பற்றி எழுதும்போது எவருக்கும் நேரக்கூடியதே.

அவள் 'குப்பைக்குப் போயின' என்பதை அடித்துவிட்டு, "சிலவற்றை அண்டை வீட்டாருக்குக் கொடுத்தோம், மற்றவை வீணாயின" என்று எழுதினாள். பின்வரும் வரிகளையும் சேர்த்தாள்:

"ஒருநாள் என் கணக்கு தவறியது. மிகைநேர வேலை இருப்பதை அறியாமல் குறைத்துச் சுடச் சொன்னேன். காலை 8 மணிக்கே வடை தீர்ந்துவிட்டது. அட்டவணையைப் பார்த்துச் சொல்லும் பொறுப்பை அப்பா ஏற்றுக்கொண்டார். புத்தகத்தில் உள்ள எண்கள் மட்டும் போதா, களத்தில் இருப்பவரையும் கேட்க வேண்டும் என்று அன்று கற்றுக்கொண்டேன்."

கட்டுரை இப்போது முன்னைவிட உண்மையாக இருந்தது. முன்னைவிட வலுவாகவும் இருந்தது. தவற்றை ஒப்புக்கொண்டு அதிலிருந்து கற்றவரை, தவறே செய்யாதவர்போல் எழுதுபவரைவிட வாசகர் எளிதில் நம்புவார்.

மூன்று இடறல்கள்

முதலாவது, மிகைப்படுத்தல். நண்பன் ஒருவன், "சாலையில உள்ள எல்லாக் கடைக்கும் நீதான் கணக்குப் பார்த்தேன்னு எழுது" என்று மாணவிக்கு யோசனை கூறினான். எழுதுவது எளிது. நேர்காணலில், "எத்தனைக் கடைகள்? அவர்களிடம் எப்படிப் பேசினாய்?" என்று கேட்டால் என்ன சொல்வது? ஒரு கடையின் உண்மை, பத்துக் கடைகளின் பொய்யைவிட மதிப்புடையது.

இரண்டாவது, இரவல் கட்டுரை. சென்ற ஆண்டு வெற்றி பெற்ற அண்ணனின் கட்டுரையைப் பார்த்து அமைப்பை அறிந்துகொள்ளலாம், வாழ்க்கையை எடுத்துக்கொள்ள முடியாது. செயற்கை நுண்ணறிவுச் செயலிக்கும் இது பொருந்தும். அது பிழையின்றி எழுதித் தரக்கூடும். ஆனால், உங்கள் வீட்டில் எத்தனை வடை மிஞ்சியது என்பது அதற்குத் தெரியாது. தெரியாததை அது பொதுச்சொற்களால் நிரப்பும், அல்லது இல்லாததைப் புனைந்துவிடும். இரண்டுமே உங்களைக் காட்டா.

மூன்றாவது, வெட்கம். நம் வீட்டு வேலை சிறியது என்று நாமே முடிவு செய்துவிடுகிறோம். தம்பிக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தது, பாட்டியை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று மருத்துவர் மலாயில் சொன்னதைத் தமிழில் விளக்கியது, கோயில் திருவிழாவில் அன்னதான வரிசையை ஒழுங்குபடுத்தியது ஆகிய யாவும் சொல்லத்தக்க அனுபவங்களே. பள்ளியின் புறப்பாட நடவடிக்கைகளுக்குச் சான்றிதழ் உண்டு. வீட்டில் செய்த வேலைக்கு நீங்கள் எழுதும் கட்டுரையே சான்றிதழ்.

தமிழில் ஏன்?

உபகாரச் சம்பள விண்ணப்பக் கட்டுரையைப் பெரும்பாலும் மலாயிலோ ஆங்கிலத்திலோதான் எழுத வேண்டியிருக்கும். அப்படியானால் இதனைத் தமிழ்ப் பாடத்தில் படிப்பானேன் என்று நீங்கள் கேட்கலாம்.

நம் வாழ்க்கை எந்த மொழியில் நடந்ததோ அந்த மொழியில்தான் அதன் நுணுக்கங்கள் முதலில் நினைவுக்கு வருகின்றன. மாணவி நேராக ஆங்கிலத்தில் எழுதியிருந்தால், தெரிந்த சில பொதுச்சொற்களோடு முடிந்திருக்கும். அம்மாவும் படித்திருக்க முடியாது. அவர் செய்த திருத்தமும் கிடைத்திருக்காது. முதல் வரைவைத் தமிழில் எழுதி உண்மையைத் திரட்டிக்கொள்ளுங்கள். பின்னர், வேண்டிய மொழியில் புதிதாக எழுதுங்கள். சொல்லுக்குச் சொல் பெயர்க்க வேண்டா. அந்த மொழியில் வல்ல ஓர் ஆசிரியரிடம் காட்டி இலக்கணப் பிழைகளைத் திருத்திக்கொள்ளுங்கள். சொல் எண்ணிக்கையை மீறாதீர்கள். இறுதி நாளுக்குச் சில நாள்கள் முன்னரே அனுப்பிவிடுங்கள்.

மாணவி தன் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டாள். முடிவு இன்னும் வரவில்லை. கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். நல்ல கட்டுரை எழுதியவர் எல்லாருக்கும் இடம் இருப்பதில்லை. ஆனால், எழுதிய பக்கம் வீணாகாது. இன்னோர் அமைப்பின் கேள்விக்கேற்பத் திருத்தி மீண்டும் அனுப்பலாம். நேர்காணலுக்கு அழைத்தால், மனப்பாடம் செய்யாமலே அவளால் பேச முடியும், ஏனெனில் அதில் உள்ளது அவள் வாழ்ந்தது.

"அம்மா என்ன வேலை செய்கிறார்?" என்று அங்கே யாராவது கேட்டால், அவள் இனி தலையைக் குனிய மாட்டாள்.

நடவடிக்கைகள்

அ. பின்வரும் வினாக்களுக்கு விடை எழுதுக.

1. உபகாரச் சம்பளத்திற்கும் கல்விக் கடனுக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. பெயர் மாற்றுச் சோதனை என்பது என்ன? முதல் வரைவு அதில் ஏன் தோல்வியுற்றது?
3. 'வறுமை ஒரு சூழ்நிலை, அது தகுதியாகாது.' இக்கூற்றை உன் சொந்த நடையில் விளக்குக.
4. அம்மா செய்த இரு திருத்தங்களும் கட்டுரையை எவ்வாறு வலுப்படுத்தின?
5. நண்பன் கூறிய யோசனையை நீ ஏற்பாயா? இரு காரணங்கள் தருக.

ஆ. ஆசிரியை கொடுத்த நான்கு கேள்விகளுக்கும் உன் வாழ்க்கையிலிருந்து விடை எழுதுக. அவற்றைக் கொண்டு 150 சொற்களில் ஒரு வரைவை உருவாக்கி, வீட்டில் ஒருவரிடம் படித்துக் காட்டுக. அவர் கூறிய திருத்தத்தைக் குறித்து வருக.

இ. நண்பருடன் வரைவுகளை மாற்றிக்கொண்டு பெயர் மாற்றுச் சோதனை செய்க. எவர் பெயருக்கும் பொருந்தும் வாக்கியங்களுக்கு அடிக்கோடிடுக.

சொற்பொருள்

வரைவு – முதலில் எழுதிப் பார்க்கும் படி
கடப்பாடு – நிறைவேற்ற வேண்டிய பொறுப்பு
அடக்கம் – ஒரு பொருளைச் செய்ய ஆகும் செலவு
மிகைநேரம் – வழக்கமான வேலை நேரத்திற்கு மேற்பட்ட நேரம்
இடறல் – தடுமாறச் செய்வது